சுவரைப் பார்த்து நின்ற கார்

எனக்கு வயது எழுபத்தொன்பது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. மற்ற மூன்றும் என் தங்கச்சியின் பிள்ளைகள். அவள் போன பிறகு என் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். ஏழு பேரில் ஒருவரையும் நான் அடுத்தவர் வீட்டுக் குசினிக்கு வேலைக்கு அனுப்பவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

நம் முதியோர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு சின்ன வயது நினைவு தரச் சொன்னார்கள். மலரை வாசிக்கப் போகிறவர்கள் நீங்கள். போன மாதம் ஓர்ஸ் ஹில் ஹோட்டலில் தேத்தண்ணி குடிக்க வந்திருந்தவர்களும் நீங்கள். பாதிப் பேர் முன்னால் இருந்து எல்லாம் கேட்டீர்கள். மற்றப் பாதிப் பேர் காது கேளாமல் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அதனால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பேரை எழுதுவேன், பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயரை வாசிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

அந்தப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே போனதும் இடதுகைப் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. பழைய இரண்டு மாடி வீடு, மழைநீர் வழிந்து கறுத்த சுண்ணாம்புச் சுவர், பச்சை ஜன்னல்கள். வீட்டுக்குப் பின்னால் கீழே உள்துறைமுகத்துத் தண்ணீர். வீட்டின் பக்கச் சுவரோடு ஒரு கறுப்புக் கார். அந்த வீடுதான் இப்போது ஹோட்டல். படத்துக்குக் கீழே வீட்டுக்காரரின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தார்கள். அவருடைய மகள் அதற்கு நேரே பிரம்புக் கதிரையில் இருந்து நம்மை வரவேற்றார். வெளிநாட்டில் நாற்பது வருசம் இருந்துவிட்டு வந்து வீட்டைத் திருத்தி ஹோட்டலாக்கியவர். எண்பத்திரண்டு வயது. சின்ன வயதில் நான் அவரைச் சின்னம்மா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

மனேஜர் பொடியன் ஒரு விளையாட்டு வைத்தான். "இந்தப் படத்தைப் பாத்தா உங்களுக்கு என்ன விளங்குது எண்டு ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ. நல்லாச் சொல்லுற ஆளுக்கு ஒரு குடை."

போஸ்ட் மாஸ்டராக இருந்த அண்ணர் முதலில் எழும்பினார். "அமைதி," என்றார். "அந்தக் காலத்து அமைதி." சொல்லிவிட்டுக் குடையைப் பார்த்தார்.

உப்புவெளி அக்கா விடவில்லை. "அமைதியும் மண்ணாங்கட்டியும். இது பொம்பிளை பாக்க வந்த கார். மாப்பிள்ளைக்குப் பொம்பிளையைப் பிடிக்கேல்லை. எழும்பி ஓடுறதுக்குக் கார் ரெடியா நிக்குது."

"ஓடுறதுக்கு நிக்கிற கார் சுவரைப் பாத்துக்கொண்டோ நிக்கும்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தீர்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்தக் காரை எனக்குத் தெரியும்.

அதன் ட்ரைவர் என் ஐயா. ஐயா என்றால் தகப்பன். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் தகப்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்காரரையும் வேலைக்காரர்கள் ஐயா என்றுதான் சொல்வோம். குழம்பக் கூடாது என்பதற்காக இந்த எழுத்தில் வீட்டுக்காரரைப் பெரியவர் என்றும், தகப்பனை என் ஐயா என்றும் சொல்கிறேன். அந்தக் குழப்பம்தான் கதையே.

என் அம்மாவுக்கு அந்த வீட்டுக் குசினியில் சமையல் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கே போவேன், சின்னம்மாவோடு விளையாட. விளையாட என்றுதான் சொல்வார்கள். பந்து பற்றைக்குள் போனால் எடுத்து வருவது என் வேலை. காரின் சீற் வெயிலில் காய்ந்து தோல் மணக்கும். அந்த மணத்தோடு பெற்றோல் மணமும், துறைமுகத்திலிருந்து வரும் எண்ணெய் மணமும் கலந்திருக்கும். ட்ரைவர் கதவுக்கு வெளியே இறப்பர் உருண்டை வைத்த ஹோர்ன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவி முடித்ததும் என் ஐயா ஒரேயொரு தரம் அமத்த விடுவார். வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். அந்த ஹோர்ன் யார் வீட்டு அலுமாரிக்கு அடியில் கிடக்கிறதோ.

என் ஐயா கார் ஓட்டப் பழகியது டொக்யாட் லொறியில், யுத்த காலத்தில். யப்பான்காரன் வந்து குண்டு போட்டுவிட்டுப் போன ஊர் இது. சங்கு ஊதினால் லொறியைத் திருப்பிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. அதனால் எந்த வண்டியை நிறுத்தினாலும் பின்னுக்கு எடுத்து, மூக்கு ரோட்டைப் பார்க்கத்தான் நிறுத்த வேண்டும் என்று சட்டம். யுத்தம் முடிந்து பத்து வருசமாகியும் அவர் கை அதை விடவில்லை. எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால்கூட ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைப்பார்.

"செருப்புக்கும் சங்கு ஊதுமோ?" என்று அம்மா கேட்பார்.

"ஊதினால் நீ வெறுங்காலோட ஓடு. நான் போட்டுக்கொண்டு ஓடுவன்," என்பார் ஐயா.

ஒருநாள் பெரிய வீட்டு முற்றத்தில் என் ஐயா காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் வாசல் படலையைத் திறந்து "ஐயா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். என் ஐயாவும் திரும்பினார், விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரும் திரும்பினார். பெரியவரின் மனைவி என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"இஞ்சை பார். இந்த வீட்டில ஒரு ஐயாதான் இருக்கிறார். உன்ர தகப்பன் ட்ரைவர். படலைக்கு உள்ளுக்கை அப்பிடித்தான் சொல்லவேணும். விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு அம்மா."

சின்னம்மாவுக்கு அது நல்ல விளையாட்டாகப் போனது. என்னை நிறுத்திவைத்துப் பாடம் கேட்பார். என் ஐயாவைக் காட்டி "அது ஆர்?" என்பார். "ட்ரைவர்" என்பேன். தன் தகப்பனைக் காட்டி "அது ஆர்?" என்பார். "ஐயா" என்பேன். சரியாகச் சொன்னால் ஒரு டொபி. நான் ஒருநாளும் பிழை விட்டதில்லை. பள்ளிக்கூடத்திலும் நான் கெட்டிக்காரிதான். அதற்கு மேல் படிக்கத்தான் கிடைக்கவில்லை.

அந்த வருசம் மாரி பிந்தியது. பெரியவருக்குத் தானே கார் ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. லைசன் இல்லை. ஊருக்குத் தெரியாமல் பழக வேண்டும் என்று பின்னேரங்களில் ஆள் நடமாட்டம் இல்லாத கரையோர ரோட்டுக்குப் போவோம். ஸ்டியரிங்கில் பெரியவர், பக்கத்தில் என் ஐயா, பின்சீற்றில் சின்னம்மாவும் நானும். சின்னம்மாவுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு. இரண்டு கிழமையில் பெரியவர் முன்னுக்கு ஓட்டப் பழகிவிட்டார். பின்னுக்கு எடுக்க மட்டும் வரவே இல்லை. ரிவர்ஸ் போட்டால் கார் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். பெரியவர் வியர்த்துப் போய் இறங்க, என் ஐயா ஏறித் திருப்பிக் கொடுப்பார்.

அன்றைக்கு எங்களுக்கு முன்னால் மீன்காரர் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் மீன் பெட்டி. என் ஐயா "ஹோர்ன் அடியுங்கோ, விலத்துங்கோ" என்றார். பெரியவர் பிரேக்கை மிதிக்கப் போய் மற்றதை மிதித்துவிட்டார். கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு சூரை மீன் பொனட்டில் வந்து விழுந்து வழுக்கிக்கொண்டு போனது. அந்த மீனைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

என் ஐயா கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ரோட்டில் குந்தி அந்த மனிதரின் தலையை மடியில் தூக்கி வைத்தார். "ஐயா, காரைத் திருப்புங்கோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்," என்று கத்தினார்.

பெரியவருக்குத் திருப்பத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது முன்னுக்குப் போக மட்டும்தான். முன்னுக்கே போய்விட்டார். என் ஐயாவின் குரல் கொஞ்ச நேரம் பின்னால் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, போட்டிக்கோவைத் தாண்டிப் போய், பக்கச் சுவரில் மூக்கு முட்டுகிற மாதிரிக் காரைக் கோணலாக நிறுத்தினார். வாகை மரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரர் நாலு நாளாக அந்த வீட்டைப் படமாகக் கீறிக்கொண்டிருந்தார். கப்பற்படை ஆள், ஊர் திரும்பப் போகிறவர். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு தூரிகையைத் தோய்த்துக்கொண்டு திரும்பவும் குனிந்தார். அடுத்த இரண்டு நாளும் கார் அந்த இடத்திலேயே நின்றது. எடுத்துத் திருப்பி விடத் தெரிந்த ஒரே ஆளைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது.

ரோட்டில் சனம் கூடியபோது அவர்கள் கண்டது, மீன்காரரை மடியில் வைத்துக்கொண்டிருந்த ட்ரைவரைத்தான். காக்கிச் சட்டை முழுக்க இரத்தம். வேறென்ன நினைப்பார்கள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் பெரிய வீட்டுக்கு வந்தார். பறங்கி ஆள், தமிழ் தெரியாது. எழுதவும் மொழிபெயர்க்கவும் ஒரு தமிழ்ப் பொலிஸ்காரர் கூட வந்தார். விறாந்தையில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள்.

பெரியவர் சொன்னார்: "நான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. எனக்கு லைசனும் இல்லை. ட்ரைவர்தான் அடிச்சவன். எங்களைக் கொண்டுவந்து வீட்டில விட்டிட்டு, மனம் கேக்காமல் திரும்பி அங்கை ஓடியிருக்கிறான்."

சின்னம்மாவை விசாரிக்கவில்லை. பெரிய இடத்துப் பிள்ளையைப் பொலிஸ் கேள்வி கேட்பதோ. என்னைக் கூப்பிட்டார்கள்.

"பயப்பிடாத பிள்ளை," என்றார் பொலிஸ்காரர். நல்ல மனிதர்தான். "ஆர் காரை ஓட்டினது?"

நான் படலைக்கு உள்ளே நின்றேன். சட்டம் எனக்குத் தெரியும். "ஐயா."

"நல்லாப் பாத்தனியோ?"

"ஓம். ஐயாதான் ஓட்டினவர்."

கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். பெரிய ஆட்களுக்கு நேரே விரல் நீட்டக் கூடாது என்று அம்மா வளர்த்திருந்தார். பொலிஸ்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இங்கிலீசில் ஏதோ சொன்னார். ட்ரைவரின் மகளே சொல்லிவிட்டாள் என்றுதான் சொல்லியிருப்பார். பெரியவரின் மனைவி தன் வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். சின்னம்மா எனக்குப் பின்னால் நின்று என் பின்னல் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கை இறுகியது.

அந்த வீட்டில் ஐயா என்றால் யார் என்று அந்த மூன்று பேருக்கும் தெரியும். எனக்குச் சொல்லித் தந்தவர்களே அவர்கள்தான். நான் சரியாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு டொபி கேட்டுச் சின்னம்மாவைப் பார்த்தேன். இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

பின்னேரம் அம்மா என்னைப் பிடித்து உலுக்கினார். "எந்த ஐயாவடி? எந்த ஐயா?" நான் சொன்னேன். அம்மா அப்படியே என்னை இழுத்துக்கொண்டு பொலிசுக்கு ஓடினார். அங்கே, "நேற்று ஒரு கதை, இண்டைக்கு ஒரு கதையோ? பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்," என்றார்கள். நேற்றல்ல, அன்று காலைதான். அதைக்கூட அவர்கள் சரியாகச் சொல்லவில்லை. அங்கிருந்து பெரிய வீட்டுக்குப் போனோம். பெரியவரின் மனைவி படலைக்கு உள்ளே நின்றே கதைத்தார். "உன்ர பிள்ளை தன்ர வாயால சொன்னது. நாங்களோ சொல்லச் சொன்னம்?"

மூன்றாம் நாள் மீன்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தான் ஓட்டவில்லை என்று என் ஐயா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை; கம்பிக்குள்ளே மூன்று வருசம் மறியல். வெள்ளைக்காரர் படத்தை முடித்துப் பெரியவருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். பெரியவர் அதற்குத் தங்க நிறத்தில் சட்டம் போட்டு நடுச் சுவரில் மாட்டினார். தான் செய்ததைத் தானே மாட்டி வைத்துவிட்டு, அதற்குக் கீழே இருந்து சாப்பிட்டார்.

மறியலால் வந்த அன்று என் ஐயா என்னைக் கிட்ட இருத்தினார். தலைமயிர் பாதி வெளுத்திருந்தது. கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "இனி என்னை ஐயா எண்டு கூப்பிடாத மோள். அப்பா எண்டு கூப்பிடு. அது வேற ஆக்களோட மாறாது."

தங்கச்சி உடனே அப்பா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். எனக்கு வாய் வரவில்லை. ஐயா என்றும் கூப்பிட முடியாது, அப்பா என்றும் வராது. அவர் சாகும்வரை "இஞ்சை பாருங்கோ" என்றுதான் கூப்பிட்டேன். பெரியவர் என் ஐயாவின் மூன்று வருசத்தை எடுத்தார், லைசனை எடுத்தார், பேரை எடுத்தார். என் வாயிலிருந்து ஒரு சொல்லையும் எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சொல்லுக்குத்தான் எனக்கு ஆத்திரம் கூட.

ஊரில் இருக்க ஏலாமல் வெருகல் பக்கம் போனோம். என் ஐயா ஆற்றில் பாதை தள்ளினார். ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்குக் கொண்டுபோகிற தட்டைப் படகைத்தான் அங்கே பாதை என்பார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒருநாள் அந்தக் கறுப்புக் கார் வந்து பாதையில் ஏறியது. புது ட்ரைவர். பின்சீற்றில் பெரியவர். கண்ணாடியை இறக்கவில்லை. என் ஐயா தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, பாதையைத் தள்ளி, அவரை அக்கரை சேர்த்தார்.

நானும் பாதையில் நின்றேன். ட்ரைவர் ஒதுங்கி நின்று பீடி பற்றவைத்த நேரத்தில், பின்னால் பெற்றோல் ஊற்றும் மூடியைத் திருகி, இரண்டு கை நிறைய ஆற்று மணலைக் கொட்டினேன். கார் அக்கரையில் ஏறி நூறு யார் போகவில்லை, இருமி நின்றுவிட்டது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது.

அந்தச் சந்தோசம் ஐந்து நிமிசம்தான். கார் தெரிந்த ஆள் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான் இருந்தார். கூப்பிட்டார்கள், போனார். மத்தியான வெயிலில் காருக்குக் கீழே படுத்து, பெற்றோல் பைப்பை வாயால் உறிஞ்சித் துப்பி, தாங்கியை முழுதாகக் கழுவி, பின்னேரம் காரை எழுப்பி விட்டார். பெரியவர் ஒரு மரத்தடியில் இருந்தார். நன்றி என்று ஒரு சொல் வரவில்லை.

வீட்டுக்கு வந்து என் ஐயா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு சிட்டிகை மணல் ஒட்டியிருந்தது. அம்மாவுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த முறை செய்யிறதெண்டால், எனக்கு வேலை வைக்காத மாதிரிச் செய்."

அவர் போய் முப்பத்தாறு வருசமாகிறது. இனி அவருக்கு ஒரு வேலையும் வராது.

ஹோட்டலுக்கு வருகிறேன். மனேஜர் என் பக்கம் திரும்பி, "அம்மம்மா, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே," என்றான். நான் எழும்பி நின்றேன்.

சின்னம்மா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "நீ எங்கட ட்ரைவரின்ர மகள் எல்லோ? அப்பிடியே இருக்கிறாய்." எழுபது வருசத்துக்குப் பிறகும் எனக்கு நீ.

"ஓம் சின்னம்மா. நான் படத்தைப் பற்றிச் சொல்ல முதல் உங்களிட்டை ஒண்டு கேக்கலாமோ?"

"கேளன்."

"இந்தக் கார் ஏன் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்குது?"

சின்னம்மா சிரித்தார். வந்தவர்களுக்குப் பழைய பகிடி ஒன்று சொல்லக் கிடைத்த சந்தோசம் முகத்தில் தெரிந்தது. "அதோ? அது டடி கொண்டுவந்து விட்டது. டடிக்குப் பின்னுக்கு எடுக்கவே வராது. உன்ர ஐயா விட்டிருந்தால் மூக்கு ரோட்டைப் பாத்தெல்லோ நிக்கும்."

எல்லாரும் சிரித்தீர்கள். சிரிப்பு முடியும் மட்டும் நான் பொறுத்தேன்.

"அப்ப இடது பக்க லைற் ஏன் உடைஞ்சிருக்கு?"

நீங்கள் அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தீர்கள். கார் கோணலாக நின்றதால் இரண்டு லைற்றும் தெரிந்தன. வலது லைற்றில் வெள்ளைக்காரர் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்திருந்தார், வெளிச்சம் பட்டு மின்னுகிற மாதிரி. இடதில் கறுப்புக் குழி மட்டும். போஸ்ட் மாஸ்டர் அண்ணர், "படம் கீறுறவை வடிவுக்காக மாத்திக் கீறுவினம்," என்றார். வடிவுக்காக லைற்றை உடைத்துக் கீறுகிறவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டேன். திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

சின்னம்மா கோப்பையைத் தட்டில் வைத்தார்.

நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்த லைற் உடைந்த பின்னேரம், காரை ஓட்டியது யார் என்ற கேள்விக்கு ஒரு மனிதர் மூன்று வருசம் மறியலில் இருந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை என்றவர் காரைக் கொண்டுவந்து விட்டதை இப்போது அவர் மகளே சொல்லிவிட்டார். அந்த வீட்டில் ஒரு ஐயாதான் என்ற சட்டத்தையும், டொபியையும், விறாந்தையையும் சொன்னேன்.

"நான் அப்ப சின்னப் பிள்ளை," என்றார் சின்னம்மா.

"நானும்தான். என்னட்டைக் கேட்டவை, நான் உண்மை சொன்னனான். உங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. இண்டைக்கு நான் கேட்டனான். நீங்களும் உண்மை சொல்லிப்போட்டீங்கள்."

அவர் படத்தின் பித்தளைத் தகட்டைப் பார்த்தார். மன்னிக்கச் சொல்லிக் கேட்பார் என்று நீங்கள் காத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் இருந்தேன். நல்லாயிருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

இனி சல்லி ஊர் அக்காவைப் பற்றி. உங்களுக்குத் தெரியும், சங்கத்து மர வாங்கில் நான் இருந்தால் அவர் பக்கத்தில் வந்து இருக்க மாட்டார், நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொட மாட்டார். அந்த மீன்காரரின் மகள் அவர். அன்றைக்கு அவர் எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போய், அந்தக் கறுப்புக் குழியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். மனேஜர் தொட வேண்டாம் என்று சொல்ல வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னுக்குப் போனான்.

திரும்பி வரும்போது வான் வண்டியில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"உன்ர கையால நான் தண்ணி குடிச்சதில்லை," என்றார்.

"நீங்கள் கேட்டதுமில்லை."

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார். "உன்ர ஐயா அப்பரை மடியில வைச்சிருந்தவரோ?"

"ஓம். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் பிடிபட்டவர். விட்டிட்டு ஓடியிருந்தால் தப்பியிருப்பார்."

"அப்பர் ஏதும் கதைச்சவராமோ?"

"மகளுக்குச் சட்டைக்குச் சீத்தைத் துணி வாங்கி வைச்சது சைக்கிள் பையில கிடக்குது எண்டு சொன்னவராம். என்ர ஐயா அந்தப் பையைப் பொலிசிட்டைக் குடுத்தவர். வந்து சேர்ந்ததோ?"

"இல்லை," என்றார் அக்கா. கண்ணைத் துடைக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "கிழவியை நீ கெதியா விட்டிட்டாய். இன்னும் ரெண்டு கேட்டிருக்கவேணும்."

நாலு நாள் கழித்து மனேஜர் பொடியன் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் பட்டுச் சீலைப் பெட்டி, மற்றக் கையில் குடை. சின்னம்மாவுக்குச் சுகமில்லையாம். படத்தைக் கழற்றிவிடுகிறாராம். வேண்டுமென்றால் பித்தளைத் தகட்டில் என் ஐயாவின் பெயரையும் சேர்ப்பாராம். மலரில் மட்டும் இதைப் போட வேண்டாமாம்.

குடையை எடுத்துக்கொண்டேன். அது நான் வென்றது. சீலையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தம்பி, போய்ச் சொல்லுங்கோ. படம் அதே இடத்தில இருக்கவேணும். கழட்டினால் நான் பஸ் எடுத்து வந்து, வெறும் சுவரைக் காட்டி வாற ஆக்களுக்கெல்லாம் கதை சொல்லுவன். என்ர ஐயாவின்ர பேர் அதில வேண்டாம். தகட்டில இப்ப ஆற்ற பேர் இருக்குதோ, அதுதான் சரியான பேர்."

பொடியன் தலையைச் சொறிந்தான். "அம்மம்மா, இவ்வளவு காலத்துக்குப் பிறகு இதெல்லாம் ஏன்?"

"இவ்வளவு காலமும் ஒருத்தரும் என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடேல்லை, அதுதான்."

சங்கத்துச் செயலாளர் நேற்று வந்தார். நல்ல பிள்ளை, பயந்த சுபாவம். செத்தவர்களைப் பற்றி எழுதுவது சரியில்லை, கொஞ்சம் இளக்கி எழுதினால் என்ன, வேண்டுமென்றால் தானே திருத்தித் தருவதாகச் சொன்னார். என் ஐயாவும் செத்தவர்தான், அவரைப் பற்றி எழுதியபோது யார் இளக்கினார்கள் என்று கேட்டேன். ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். உங்களில் யாருக்காவது இது பிடிக்கவில்லை என்றால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போங்கள். அடுத்த பக்கத்தில் உப்புவெளி அக்காவின் கலியாணக் கதை இருக்கிறது. அது நல்ல பகிடி.

பேத்திப் பிள்ளை, பேனையை வை. இனித் தொடக்கத்திலிருந்து வாசி. அன்றைக்கு அந்தப் பொலிஸ்காரர் நான் சொன்னதை எழுதி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். எழுதியதை எனக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. வாசித்திருந்தால் அந்த இடத்திலேயே அது பிழை என்று சொல்லியிருப்பேன். எட்டு வயதென்றாலும் சொல்லியிருப்பேன். மெதுவாக வாசி, ஒரு சொல்லையும் விழுங்காதே. நான் ஓம் என்று சொன்ன பிறகு செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடு.